எல்லா அறைக்கும் ஒரே ஏசியா, அறைக்கு ஒன்றா?

கேள்வி: சார், எங்கள் வீட்டு வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மேல்தளம் கான்கிரீட் போட்டாயிற்று, பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. கீழே கூடமும் சாப்பாட்டு இடமும் ஒட்டினாற்போல் இருக்கின்றன, பக்கத்தில் மாமியாருக்கு ஓர் அறை. மாடியில் எங்களுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று என்று இரண்டு படுக்கையறைகள். பகலில் நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், பையன் பள்ளிக்கு. மாமியார் மட்டும்தான் வீட்டில். அவருக்கு 74 வயது, குளிர் ஆகாது, முழங்கால் வலிக்கும். பையனுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாமல் அடிக்கடி இழுப்பு வரும். வீடு கட்டித் தருபவர், "5 டன்னில் சென்ட்ரல் ஏசி போட்டுவிடலாம், சுவரில் எதுவும் தொங்காது, பார்க்க அழகாக இருக்கும்" என்கிறார். என் தம்பி, "அறைக்கு ஒரு ஸ்பிளிட் போதும்க்கா" என்கிறான். இருவருமே அடித்துச் சொல்கிறார்கள். பூசுவதற்கு முன்னால் முடிவெடுக்க வேண்டும். எது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பூச்சு வேலைக்கு முன்னால் எழுதினீர்களே, அதுவே பெரிய நிம்மதி. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை குடிபோன பிறகு எழுதியவை. அப்போது சுவரை உடைக்காமல், சீலிங்கைப் பிரிக்காமல் என்ன செய்ய முடியுமோ அதை மட்டும்தான் சொல்ல முடிகிறது. உங்கள் விஷயத்தில் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஒரே சென்ட்ரல் ஏசி வேண்டாம். மூன்று படுக்கையறைகளுக்கும் தனித்தனியாக ஸ்பிளிட் போடுங்கள். கூடத்துக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் மட்டும் சேர்த்து ஒரு சிறிய டக்ட் ஏசி, அதாவது சீலிங்குக்குள் போகும் காற்றுக்குழாய் வழியே குளிர்காற்றைப் பிரித்துவிடும் ஏசி, வையுங்கள். ஆக, தம்பி சொன்னது முக்கால்வாசி சரி. வீடு கட்டித் தருபவர் சொன்னதிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாளைக்கு வேறொருவர் வந்து வேறொன்று சொன்னால், நீங்களே எடைபோட்டுப் பார்க்க அது உதவும்.

ஸ்பிளிட், சென்ட்ரல் இரண்டும் உள்ளுக்குள் ஒரே மாதிரி இயந்திரம்தான். வெளியே ஒரு கம்ப்ரசர், உள்ளே காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளான ஒரு காயில், இரண்டுக்கும் நடுவே ஓடுகிற கேஸ். ஸ்பிளிட்டில் அந்தக் கேஸ் விரல் தடிமனுள்ள இரண்டு காப்பர் பைப் வழியாக அறைக்கே வந்துவிடுகிறது, காற்று அங்கேயே குளிர்கிறது. சென்ட்ரலில் காற்றை ஒரே இடத்தில் குளிர வைத்து, டக்ட் வழியாக ஒவ்வோர் அறைக்கும் தள்ளுகிறோம். பைப் போக சுவரில் ஒரு கைமுட்டி அளவு துளை போதும். காற்று போவதற்கு அப்படி இல்லை. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும். 5 டன் என்றால் 2,000 கன அடி. இவ்வளவு காற்று இரைச்சல் இல்லாமல் போக வேண்டுமென்றால் முதன்மை டக்ட் ஓர் அடி உயரமும் இரண்டேகால் அடி அகலமுமாவது இருக்க வேண்டும். மேலே சுற்றுகிற இன்சுலேஷன் தனி. உங்கள் உத்தரங்களுக்கு அடியில் அது போகிற இடமெல்லாம் கூரை ஒன்றேகால் அடி தாழும். கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு ஏற அதற்கென்று தளத்தில் ஒரு தனித் திறப்பும் விட்டிருக்க வேண்டும். கான்கிரீட் போட்டாயிற்று என்கிறீர்கள், அப்படி ஒன்று விட்டதாக நீங்கள் எழுதவில்லை. வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் தளத்தை வெட்ட வேண்டியிருக்கும். அதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

சரி, இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் நீங்கள் அந்த வீட்டில் வாழப்போகும் விதம் அப்படி. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளை மணி வாரியாக எழுதிப் பார்த்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை ஒரே ஓர் அறையில் ஒரே ஒருவர். மாலையில் எல்லோரும் கூடத்தில். இரவு பத்துக்கு மேல் மூன்று அறைகள், மூன்று கதவுகளும் சாத்தியிருக்கும், கூடம் காலி. முழு வீட்டுக்கும் ஒரே சமயத்தில் குளிர் தேவைப்படுகிற நேரம் ஒரு மணி நேரம்கூட இல்லை. மாமியார் ஒருவருக்காக, பகல் முழுதும் 5 டன் இயந்திரம் காலி அறைகளைக் குளிர வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

"வேண்டாத அறையில் கிரில்லை மூடிவிட்டால் போயிற்று" என்று, டக்டிலிருந்து காற்று அறைக்குள் வருகிற வாயைச் சொல்வார்கள். இதை நம்பாதீர்கள். காற்றாடி தள்ளுகிற காற்று எங்காவது போயாக வேண்டும். நாலு கிரில்லை மூடினால் டக்டுக்குள் அழுத்தம் ஏறும், இணைப்புகளில் கசிவு கூடும், காயில் மேல் ஓடுகிற காற்று குறையும். அது மிகவும் குறைந்தால் காயில் மேல் பனி கட்டிவிடும். மின்சாரமும் எதிர்பார்த்த அளவுக்கு மிச்சமாகாது. அறை அறையாகப் பிரித்துக் கட்டுப்படுத்த டக்டுக்குள் காற்றைத் திறந்து மூடும் மோட்டார் வைத்த டேம்பர்களும், சூட்டைப் பார்த்து ஏசியை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் அறைக்கு ஒன்றும் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைச் சரியாக வடிவமைக்கத் தெரிந்தவர் வேண்டும், தேவைக்கேற்ப வேகம் மாறுகிற இன்வெர்ட்டர் கம்ப்ரசரும், அதேபோல் வேகம் மாறுகிற காற்றாடியும் வேண்டும். "5 டன் போட்டுவிடலாம்" என்று ஒரே வரியில் முடித்தவர் இதையெல்லாம் யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மாமியார் விஷயம் இதிலேயே அடங்கியிருக்கிறது. சாதாரண சென்ட்ரல் ஏசியில் தெர்மோஸ்டாட் ஒன்றுதான், பெரும்பாலும் கூடத்தில். மாலையில் அடுப்பங்கரைச் சூடும் நாலு பேர் உடற்சூடும் சேர்ந்து கூடம் குளிரும் வரை, பக்கத்து அறையில் அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரிடமும் சொல்லவும் மாட்டார். இப்படி எத்தனையோ பெரியவர்களைப் பார்த்துவிட்டேன். அவர் அறைக்குத் தனி ரிமோட் இருக்கட்டும். 27 டிகிரியில் வைத்து, காற்றின் வேகத்தைக் குறைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் அவருக்குச் சுகமாக இருக்கும். இன்டோர் யூனிட்டை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதை இப்போதே கட்டிலின் இடத்தைக் குறித்துவிட்டு முடிவு செய்யுங்கள். காற்று கட்டில் மேல் விழாமல், கால்மாட்டுக்கு அப்பால் குறுக்கே போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இரவு முழுதும் நேரே காலில் அடிக்கிற குளிர்காற்று தாங்காது.

இனி டக்ட் பற்றி. இதை நான் கொஞ்சம் நிறையவே எழுதப்போகிறேன், விற்பவர்கள் யாரும் பேசாத விஷயம் இது.

அமெரிக்காவில் வீடுகளில் டக்ட் ஏசி மிகப் பரவலாக இருக்கிறது. அங்குள்ள எனர்ஜி ஸ்டார் என்ற அரசு மின்சிக்கனத் திட்டத்தின் கணக்குப்படி, ஒரு வழக்கமான வீட்டு டக்டில் ஓடுகிற காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை ஓட்டைகள், கசிவுகள், சரியாகச் சேராத இணைப்புகள் வழியே வீணாகிவிடுகிறது. அந்த டக்ட் வெயில் காய்கிற கூரைக்கு அடியில் போனால் நட்டம் இன்னும் கூடும். உங்கள் மாடி அறைகளுக்கு டக்ட் போகப்போவது அந்த இடத்தில்தான். பகல் முழுதும் வெயில் வாங்கிய கான்கிரீட் ராத்திரி வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். அதன் நடுவில் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகிறோம்.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாடியில் கடைசி அறை குளிரவே இல்லை என்று கூப்பிட்டார்கள். இரண்டு கோடைகளாக அப்படித்தானாம். ஏசி போட்ட ஆட்கள் இரண்டு முறை வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏணி போட்டு ஏறி, சீலிங்கில் ஒரு பலகையை நகர்த்தித் தலையை உள்ளே விட்டேன். முகத்தில் ஜில்லென்று காற்று அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், டக்ட் கிளை பிரிகிற இடத்தில் சுற்றியிருந்த துணி டேப் பசை காய்ந்து வாழைநார் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இணைப்பு ஒரு விரல் அகலத்துக்கு விலகியிருந்தது. சுற்றியிருந்த இன்சுலேஷன் ஈரத்தில் ஊறி, பலகையின் மேல்பக்கம் கறுத்துப் போயிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு வருடமாகப் பணம் கட்டிக் குளிர வைத்தது சீலிங்குக்கு மேலே இருந்த வெற்றிடத்தை. இணைப்பைச் சேர்த்துத் திருகு போட்டு, மாஸ்டிக் என்ற கெட்டிப் பசை பூசி அடைத்து, இன்சுலேஷனை மாற்றினோம். மறுநாள் கிரில்லில் காற்று வேகத்தை அளந்தபோது ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. அதே இயந்திரம். கேஸ் ஒரு துளி ஏற்றவில்லை.

டேப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1998-இல் பலவகை அடைப்பான்களை டக்ட் இணைப்புகளில் ஒட்டிச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். சீக்கிரமே தோற்றுப்போனது, 'டக்ட் டேப்' என்றே பெயர் வைத்து விற்கப்படும் அந்தத் துணி டேப்தான். கூடத்துக்கு நீங்கள் போடப்போகும் சின்ன டக்டுக்கும் இது பொருந்தும். மாஸ்டிக் பூசினார்களா என்று சீலிங் மூடுவதற்கு முன் நீங்களே ஏணி ஏறிப் பாருங்கள். வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் கெட்டிப் பசை மாதிரி எல்லா இணைப்பிலும் பூசியிருக்க வேண்டும்.

அடுத்தது, போன காற்று திரும்பி வருகிற வழி. படுக்கையறைக்குள் காற்றைத் தள்ள கிரில் வைத்துவிடுவார்கள், அந்தக் காற்று ஏசிக்குத் திரும்ப வழி வைக்க மாட்டார்கள். கூடத்தில் மட்டும் ஒரு பெரிய ரிட்டர்ன் கிரில் இருக்கும். கதவு திறந்திருக்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும். இரவு கதவைச் சாத்தினதும் அறைக்குள் காற்று அடைபடும், புதுக் காற்று உள்ளே வருவது குறையும். அதே சமயம் கூடத்தில் காற்று போதாமல், ஜன்னல் இடுக்கு, வாசற்கதவு இடுக்கு வழியே வெளிச் சூட்டையும் தூசியையும் இழுக்கும். ஒரு வீட்டில், "பிள்ளைகள் அறை பகலில் குளிர்கிறது, ராத்திரி குளிரவில்லை, பேய் மாதிரி ஊளைச் சத்தம் வேறு" என்றார்கள். கதவைச் சாத்தி அடி இடுக்கில் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தேன். கையிலிருந்து பிய்த்துக்கொண்டு கூடத்துப் பக்கம் பறந்தது. ஊளையிட்டது அந்தக் கதவிடுக்குதான். கதவுக்கு மேலே சுவரில் காற்று கடந்து போக ஒரு கிரில் வைத்ததும் அறையும் குளிர்ந்தது, சத்தமும் நின்றது. உங்கள் பையனுக்குத் தூசி ஆகாது என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். சரியாக ரிட்டர்ன் வைக்காத சென்ட்ரல் ஏசி வீட்டுக்குள் தூசியை இழுத்துப் போடும்.

பையனைப் பற்றி இன்னும் கொஞ்சம். நேர்மையாகச் சொன்னால், காற்றைச் சுத்தம் செய்வதில் நன்றாகச் செய்த சென்ட்ரலுக்கு ஒரு படி மேல் இடம் உண்டு. அதில் மடிப்பு மடிப்பான தடித்த ஃபில்டரை வைத்து நுண்ணிய தூசியையும் பிடிக்கலாம். அதற்குத் தக்கபடி காற்றாடிக்கு வலு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பிளிட்டில் இருக்கிற வலை முடி, பஞ்சு, பெருந்தூசியைத்தான் தடுக்கும். இழுப்பைக் கிளப்புகிற நுண்தூசி அதில் நிற்காது. இதற்காக வீடு முழுவதற்கும் டக்ட் போட வேண்டியதில்லை. அவன் அறைக்கு மட்டும் ஹெப்பா ஃபில்டர் வைத்த ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி வையுங்கள். ஹெப்பா என்று தரச்சான்று பெற்றது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். எந்தத் தூசி அவனுக்கு ஆகவில்லை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி என்றால், காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பது பெரிய உதவி, ஈரம் குறைந்த இடத்தில் அது பெருகாது.

ஸ்பிளிட்டின் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். அதோடு வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆள் வைத்து உள்ளே இருக்கும் உருளைக் காற்றாடியையும் காயிலையும் கழுவ வேண்டும். டார்ச் அடித்துக் காற்று வருகிற வாய்க்குள் பாருங்கள். காற்றாடி இதழ்களில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதைக் கழுவாமல் பையன் அறையில் ஓட்டக் கூடாது. இன்னொன்று, ஸ்பிளிட் அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இரவு முழுதும் அடைத்துக் கிடந்த அறை காலையில் கனமாக இருப்பது அதனால்தான். படுப்பதற்கு முன்னும் எழுந்த பிறகும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். முடிந்தால் ஃபில்டர் வைத்து வெளிக்காற்றைக் கொஞ்சமாக உள்ளே விடும் சின்ன விசிறிக்கு இப்போதே சுவரில் ஒரு துளை விட்டுவையுங்கள்.

அப்புறம் அந்த 5 டன் கணக்கு. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? சதுர அடியைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். டன் என்பது எடை இல்லை. பழைய அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சுகிற வெப்பம்தான் ஒரு டன். வெப்பத்தை அளக்கும் பிடியூ கணக்கில் மணிக்கு 12,000, அதாவது சுமார் மூன்றரை கிலோவாட். உங்கள் அறைக்கு எத்தனை டன் என்பதைத் தரையின் பரப்பளவை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மேற்கே ஐந்தடிக்கு நாலடி ஜன்னல் இருந்தால், நிழல் இல்லாத மாலை வெயிலில் அந்தக் கண்ணாடி வழியாக மட்டும் 900 வாட் வரை உள்ளே வரலாம். அது மட்டுமே ஒரு டன்னில் கால் பங்கு. உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் 100 வாட் சூடு தருகிறார். வெயில் படுகிற மேல்தளத்துக்கு ஒரு கணக்கு, உள் சுவருக்கு வேறு கணக்கு. அறை அறையாக இதைக் கணக்கிட்ட தாளைக் கேளுங்கள். தராதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் தரும் மறைப்பு வைத்து, மேல்தளத்துக்கு மேலே வெப்பம் தடுக்கிற அடுக்கும் போட்டால் தேவையே குறைந்துவிடும். உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் போடுவது எவ்வளவோ மேல், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு உள்ளே வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வீடு கட்டும்போது இதற்குச் செலவழிப்பது ஏசியின் டன்னைக் கூட்டுவதைவிட நல்லது.

"கொஞ்சம் பெரிசாகவே போட்டுக்கொள்ளலாம், சீக்கிரம் குளிரும்" என்பதற்கும் மயங்காதீர்கள். ஏசி செய்கிற வேலை இரண்டு. சூட்டைக் குறைப்பது ஒன்று, காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து எடுப்பது இன்னொன்று. சொல்லப்போனால் ஈரத்தை எடுக்கத்தான் இந்த இயந்திரமே பிறந்தது. 1902-இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் சரியாகப் பொருந்தாமல் போயின. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் முதல் ஏற்பாட்டை வடிவமைத்தார். ஈரம் வடிய இயந்திரம் நீண்ட நேரம் ஓட வேண்டும். தேவைக்கு மேல் பெரிய ஏசி ஐந்து நிமிடத்தில் டிகிரியை எட்டிவிட்டு நின்றுவிடும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும், படுக்கை நமுத்த மாதிரி இருக்கும். நீங்கள் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பீர்கள். மாமியாருக்குக் குளிரும், பையனுக்குத் தூசிப்பூச்சி. இன்வெர்ட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை குறையும், முழுக்கத் தீராது, ஏனென்றால் அதற்கும் இறங்கக்கூடிய கடைசி வேகம் ஒன்று உண்டு. அதனால் அளவு சரியாக இருக்கட்டும், எல்லாமே இன்வெர்ட்டராக இருக்கட்டும்.

ஒரே அவுட்டோர் யூனிட்டில் நாலு இன்டோரை இணைக்கிற மல்டி ஸ்பிளிட் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். வெளியே இடமே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்கு அது நல்ல வழி. உங்களுக்கு மாடி இருக்கிறது, இடம் இருக்கிறது, அதனால் தேவையில்லை. பகலில் மாமியார் அறை ஒன்று மட்டும் ஓடும்போது அந்தப் பெரிய கம்ப்ரசர் போதுமான அளவு இறங்க முடியாமல் நின்று நின்று ஓடும். அது பழுதாகி நின்றால் வீடு முழுக்க நின்றுவிடும். தனித்தனியாக இருந்தால் ஓர் அறை ஏசி கெட்ட அன்றைக்கு அவரை இன்னொரு அறையில் படுக்க வைக்கலாம்.

கூடத்துக்கு ஏன் டக்ட் என்றால், கூடமும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து நீளமான இடம், நடுவில் கதவு இல்லை. ஒரு மூலையில் ஸ்பிளிட் மாட்டினால் அதன் எதிரே உட்கார்ந்தவருக்கு நடுக்கம், அந்தக் கடைசியில் உட்கார்ந்தவருக்கு வியர்வை. ஃபால்ஸ் சீலிங்குக்குள் பதிக்கிற மெல்லிய டக்ட் யூனிட் ஒன்றை வைத்து மூன்று நாலு இடத்தில் காற்றைப் பிரித்துவிட்டால் சமமாகப் பரவும். டக்ட் சில அடி நீளம்தான், அதுவும் இரண்டு தளங்களுக்கு நடுவே வெயில் படாத இடத்தில் போகிறது. மேலே சொன்ன தொல்லைகள் பெரும்பாலும் இதில் வராது. சுவரில் எதுவும் தொங்காது என்று வீடு கட்டித் தருபவர் சொன்ன அழகும், நாலு பேர் வந்து போகிற இடத்தில் கிடைத்துவிடும். ரிட்டர்ன் கிரில்லை மட்டும் அடுப்பங்கரை வாசலுக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள், தாளிக்கிற புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும். யூனிட்டுக்கு அடியில் ஆள் கை விட்டு வேலை பார்க்கிற அளவுக்குத் திறக்கும் பலகையும் வேண்டும்.

எப்போது நான் சென்ட்ரலைச் சொல்வேன் தெரியுமா? வீட்டில் எந்நேரமும் எல்லா அறையிலும் ஆள் புழங்குகிறார்கள், வருடத்தில் பல மாதம் முழு வீட்டுக்கும் குளிர் வேண்டும், வீட்டை வரையும்போதே டக்டுக்கு இடம் ஒதுக்கி அது வெயில் படாத பகுதிக்குள்ளேயே போகிறது, ஒவ்வோர் அறைக்கும் ரிட்டர்ன் இருக்கிறது என்றால் தயங்காமல் சொல்வேன். குளிர்நாடுகளில் சூடேற்றுவதற்காக வீட்டில் ஏற்கெனவே டக்ட் இருக்கும். அங்கே ஒரு காயிலையும் வெளியே ஒரு யூனிட்டையும் சேர்த்தால் போதும் என்பதால் சென்ட்ரல்தான் இயல்பான தேர்வு. உங்கள் வீட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை.

இப்போது பூச்சுக்கு முன் செய்ய வேண்டியவை. ஒவ்வோர் அறையிலும் இன்டோர், அவுட்டோர் இடங்களைச் சுவரில் சாக்கட்டியால் குறித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஏசி ஒவ்வொன்றுக்கும் மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர். காப்பர் பைப்பைச் சுவருக்குள் பதித்தால் நடுவில் இணைப்பு எதுவும் புதையக் கூடாது. இரண்டு பைப்புக்கும் தனித்தனியே இன்சுலேஷன் வேண்டும். பைப்பின் முனைகளை அன்றைக்கே அடைத்துவிடச் சொல்லுங்கள். பூச்சு நடக்கும் நாட்களில் திறந்து கிடந்தால் உள்ளே சிமெண்ட் தூளும் ஈரமும் போய்ப் பின்னால் கம்ப்ரசரைத் தின்றுவிடும். ஏசி மாட்டுகிற நாளில் வாக்குவம் பம்பு போட்டுப் பைப்புக்குள் இருக்கும் காற்றை இழுத்து, உள்ளே உள்ள அழுத்தத்தை அளவி வைத்து 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள் (இங்கே மைக்ரான் அழுத்தத்தின் அளவு). கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றுகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

அவுட்டோர் யூனிட்டுகளை எல்லாம் ஒரு குறுகிய சந்துக்குள் அடுக்கக் கூடாது. ஒன்று விட்ட சூட்டை இன்னொன்று இழுத்துக்கொண்டு எல்லாமே திணறும். இதைவிட முக்கியமான ஒன்று, ஓர் ஆள் இரண்டு காலையும் ஊன்றி நிற்கத் தரை இருக்கிற இடத்தில் மட்டும் வையுங்கள். மாடிச் சுவரின் வெளிப்பக்கம் அந்தரத்தில் மாட்டினால், ஒவ்வொரு சர்வீசுக்கும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வேலை பார்க்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் அப்படி விழுந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தான். உங்கள் வீட்டில் அந்த நிலை யாருக்கும் வர வேண்டாம்.

கடைசியாக டிரெய்ன் பைப். எல்லோரும் அலட்சியம் செய்வது இதைத்தான். ஈரமான நாளில் ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் தானாக இறங்கிப் போக மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும், நடுவில் எங்கும் மேடு இருக்கக் கூடாது. சுவருக்குள் போகிற பைப்புக்கு இன்சுலேஷன் போடாவிட்டால் அது வெளிப்பக்கம் வியர்த்துப் புதுப் பூச்சில் ஈரத்திட்டு போடும். கழிவுநீர்க் குழாயோடு நேராகச் சேர்க்கவும் கூடாது, நாற்றமும் பூச்சியும் இன்டோர் வழியாகப் படுக்கையறைக்கே வரும். கொத்தனார் சாந்து குழைக்கும் முன் நீங்களே ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறைக்கும் போங்கள். பைப்பின் மேல் முனையில் மெதுவாக ஊற்றுங்கள், உங்கள் தம்பி வெளியே மறுமுனையில் நிற்கட்டும். ஊற்றின தண்ணீர் அவ்வளவும் அங்கே வந்து சேர்ந்த பிறகு பூசச் சொல்லுங்கள்.